ஒயினுக்கு விளையும் திராட்சை: நாசிக் தோட்டங்கள் சொல்லும் கணக்கு

நாசிக் என்றதும் தமிழ்நாட்டு வியாபாரிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது வெங்காயம். லாசல்காவ் சந்தையில் விலை ஏறினால், அடுத்த சில நாள்களில் கோயம்பேட்டிலும் ஏறும். ஆன்மிகம் அறிந்தவர்களுக்கு கோதாவரியும் கும்பமேளாவும் நினைவுக்கு வரும். திராட்சை விவசாயிகளுக்கு மட்டும் நாசிக் என்றால் பந்தல்தான். திண்டோரி, நிபாட், பிம்பல்காவ் என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையின் இருபுறமும் கொடி படர்ந்து கிடக்கும். அந்தக் கொடிகளில் பெரும்பாலானவை சாப்பிடும் திராட்சை. அவற்றுக்கு நடுவே, உருவத்திலும் குணத்திலும் வேறான ஒரு திராட்சையும் விளைகிறது. அது கடைக்குப் போகாது, பழத்தட்டுக்கும் போகாது. நேராக ஆலைக்குப் போய் ஒயினாகிறது. அந்தத் திராட்சையையும், அதை வாங்குகிற ஓர் ஆலையையும், அதை நம்பி நட்ட விவசாயிகளின் அனுபவத்தையும் பற்றியது இந்தக் கட்டுரை.

மலை ஏறினால் மாறும் காற்று

மும்பையில் இருந்து நாசிக் சாலை வழியே சுமார் 170 கிலோமீட்டர். கடற்கரையின் புழுக்கத்தோடு புறப்படும் வண்டி, கசாரா மலைப்பாதையில் ஏறி இகத்புரியைத் தொட்டதும் காற்று மாறிவிடும். இகத்புரியில் மழைக்காலத்தில் கொட்டித் தீர்க்கும். அங்கிருந்து கிழக்கே போகப் போக மழை குறைந்துகொண்டே வரும். நாசிக் இருப்பது கடல் மட்டத்தில் இருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின் மேற்கு விளிம்பில். மேற்கே பிரம்மகிரி மலையில் திரியம்பகேஸ்வரத்துக்கு அருகே கோதாவரி பிறக்கிறது. அந்த ஆற்றின் குறுக்கே நகரத்துக்கு மேற்கே கங்காபூர் அணை இருக்கிறது. அணை நீர், கிணறு, பண்ணைக்குட்டை, சொட்டுநீர்க் குழாய் இவை நான்கும்தான் இந்த வட்டாரத்துத் திராட்சைக்கு உயிர்.

மண்ணைவிட முக்கியம் இங்குள்ள குளிர்காலம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் பகலில் 28 டிகிரி வெயில் அடிக்கும். இரவில் 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். நிபாட் வட்டாரத்தில் சில ஆண்டுகளில் உறைநிலைக்கு அருகிலேயே போய்விடுவதும் உண்டு. இந்தப் பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்துதான் ஒயின் திராட்சைக்குத் தேவையான இரண்டு குணங்களைக் கொடுக்கின்றன. பகல் வெயில் பழத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. இரவுக் குளிர் பழத்தின் புளிப்பைக் கரையவிடாமல் காக்கிறது, தோலின் நிறத்தையும் கூட்டுகிறது. இரவும் சூடாக இருக்கும் ஊரில் பழம் இனிக்கும், ஆனால் புளிப்பு வடிந்துவிடும். அந்தச் சாற்றில் ஒயின் செய்தால் சப்பென்று இருக்கும்.

இதனால்தான் நாசிக்கில் ஆண்டுக்கு இரண்டு கவாத்து, ஒரே அறுவடை. அறுவடை முடிந்ததும் ஏப்ரலில் ஒரு கவாத்து. இது காய்க்காக அல்ல, அடுத்த பருவத்துக்கான கிளைகளை உருவாக்குவதற்கு. கோடையில் வளரும் அந்தக் கிளைகளில்தான் பூங்கொத்துக்கான மொட்டுகள் உருவாகின்றன. மழை ஓய்ந்த பிறகு செப்டம்பர், அக்டோபரில் காய்க்கான கவாத்து. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. ஐரோப்பாவில் கொடி பனியில் உறங்கி, வசந்தத்தில் துளிர்த்து, ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் பழுக்கிறது. இங்கே கொடி உறங்குவதே இல்லை. கவாத்துக் கத்திரிதான் அதற்கு நாள்காட்டி.

சாப்பிடும் திராட்சையும் ஒயின் திராட்சையும்

கடையில் விற்கும் தாம்சன் சீட்லெஸ், சோனாகா, சரத் சீட்லெஸ் போன்ற ரகங்களில் விவசாயி தேடுவது பெரிய மணி, மெல்லிய தோல், விதையின்மை, பளபளப்பு. அதற்காக ஜிப்ரலிக் அமிலத்தில் கொத்துகளை முக்கி எடுக்க வேண்டும். நெருக்கமான மணிகளைக் கையால் கழித்துவிட வேண்டும். ஏற்றுமதித் தோட்டங்களில் ஒவ்வொரு கொத்துக்கும் காகிதம் சுற்றுவார்கள். ஆள் கூலிதான் அங்கே பெரிய செலவு.

ஒயின் திராட்சை இதற்கு நேர் எதிர். மணி சிறியது. தோல் தடித்தது. உள்ளே விதை உண்டு. கையில் எடுத்துத் தின்றால் இனிப்பு இருக்கும், கூடவே தோல் நாக்கில் ஒட்டும், விதை கடிபடும். ஒயினுக்கு வேண்டியதே அந்தத் தோலும் விதையும்தான். சிவப்பு ஒயினின் நிறம் சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது. கறுப்புத் திராட்சையைப் பிழிந்து தோலை உடனே எடுத்துவிட்டால், பெரும்பாலான ரகங்களில் வெளிறிய சாறுதான் கிடைக்கும். நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு தோலில் இருந்தும் விதையில் இருந்தும் வருகிறது. மணி சிறுத்தால், சாற்றின் அளவோடு பார்க்கையில் தோலின் பங்கு கூடும். அதனால் இங்கே மணியைப் பெருக்க யாரும் மருந்து முக்குவதில்லை. அந்தச் செலவும் ஆள் கூலியும் மிச்சம்.

மிச்சமானதை விளைச்சல் வாங்கிக்கொள்ளும். நல்ல மேசைத் திராட்சைத் தோட்டம் ஒன்று ஏக்கருக்கு எவ்வளவு தருமோ, ஏறத்தாழ அதில் பாதியோடு ஒயின் திராட்சையை நிறுத்துகிறார்கள். கொடியில் காய் கூடினால் சர்க்கரை பகிர்ந்துபோகும், நிறம் வெளுக்கும், வாசனை குறையும். ஆலை கேட்பது எடையை மட்டும் அல்ல. கையடக்கக் கருவியில் ஒரு சொட்டுச் சாறு விட்டுப் பிரிக்ஸ் பார்ப்பார்கள். வெள்ளை ஒயின் ரகங்களுக்கு 20 முதல் 22, சிவப்பு ரகங்களுக்கு 23 முதல் 25 பிரிக்ஸ் வரை எதிர்பார்ப்பது வழக்கம். கூடவே புளிப்பின் அளவும் பார்ப்பார்கள்.

மருந்து விஷயத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. சாம்பல் நோய்க்கு அறுவடை நெருங்கும் நேரத்தில் கந்தகம் தெளித்தால், அது பழத்தோடு தொட்டிக்குள் போய், நொதிக்கும்போது அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்பும். பூஞ்சைக்கொல்லி மிச்சம் இருந்தால் நொதிக்க வைக்கும் ஈஸ்டே தடுமாறும். ஆகவே கடைசி மருந்துக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதில் ஆலைகள் கறாராக இருக்கின்றன. தெளிப்புப் பதிவேடு வைக்காத தோட்டத்துக்கு இங்கே மதிப்பில்லை.

கொடியின் அடியில் இருக்கும் வேர் வேறு. பிரெஞ்சு ரகங்களை அப்படியே மண்ணில் நடாமல், டாக்ரிட்ஜ், 110 ஆர் போன்ற வேர்ச்செடிகளில் ஒட்டுக் கட்டியே நடுகிறார்கள். உப்பு நீரையும் வறட்சியையும் தாங்குவதற்கு இந்த வேர்கள் உதவுகின்றன. இத்தகைய ஆய்வுகளுக்காகவே புனே அருகே மாஞ்சரியில் தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் 1997-ல் தொடங்கப்பட்டது.

கங்காபூர் ஏரிக்கரையில் ஓர் ஆலை

நாசிக் நகரில் இருந்து கங்காபூர் அணைப் பக்கம் போனால் சூலா ஒயின் ஆலை வரும். இன்று இந்தியாவில் அதிகமாக ஒயின் விற்கும் நிறுவனம் இதுதான். இதைத் தொடங்கிய ராஜீவ் சாமந்த், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, அங்கே மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். நாசிக்கில் இருந்த குடும்ப நிலத்தில் வேறு பயிர்களையும் முயன்று பார்த்த பிறகே ஒயின் திராட்சைக்கு வந்தார். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கெர்ரி டாம்ஸ்கி என்ற ஒயின் நிபுணர் துணைக்கு வந்தார். 1997 வாக்கில் சாவிஞான் பிளாங்க், ஷெனின் பிளாங்க் என்ற இரண்டு வெள்ளை ரகங்கள் நடப்பட்டன. 2000-ல் முதல் ஒயின் விற்பனைக்கு வந்தது. தாயார் சுலபாவின் பெயரில் இருந்தே ஆலைக்குப் பெயர் வைத்தார்.

அடுத்த ஆண்டே, 2001-ல், மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. மாநிலத்தில் விளைந்த திராட்சையில் செய்யும் ஒயினுக்கு வரிச்சலுகை கிடைத்தது. நாசிக் மாவட்டத்தில் விஞ்சூரிலும், சாங்லி மாவட்டத்தில் பலூஸிலும் ஒயின் பூங்காக்கள் வந்தன. அதன் பிறகு நாசிக்கைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் முளைத்தன. 'நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

சூலாவில் 2005-ல் சுவைக்கூடம் ஒன்று திறந்தார்கள். மாடியில் உட்கார்ந்தால் கீழே கொடி வரிசைகள், அப்பால் ஏரி, அதற்கும் அப்பால் மலை. அறுவடைக் காலத்தில் வரும் பயணிகள் பெரிய தொட்டியில் இறங்கித் திராட்சையை மிதித்து விளையாடுவார்கள். அது பார்வையாளர்களுக்கான வேடிக்கை. உண்மையான வேலை ஆலைக்குள், துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளில் நடக்கிறது.

திராட்சையை விடியலுக்கு முன்னும் விடிந்த சற்று நேரத்துக்குள்ளும் பறித்து, நசுங்காத பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்கிக் கொண்டுவருகிறார்கள். வெயில் ஏறினால் பழம் சூடாகி, வழியிலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். வெள்ளை ஒயினுக்கு முதலில் பிழிந்து, தோலை நீக்கி, சாற்றைக் குளிர்ந்த தொட்டியில் சுமார் 12 முதல் 18 டிகிரிக்குள் மெதுவாக நொதிக்கவிடுகிறார்கள். சூடு கூடினால் வாசனை ஆவியாகிவிடும். சிவப்பு ஒயினுக்குத் தோலும் விதையும் சாற்றோடு சேர்ந்தே 25 டிகிரிக்கு மேலும் கீழுமாக நொதிக்கும். மேலே மிதக்கும் தோலை அடிக்கடி சாற்றில் அமுக்கிவிட வேண்டும். இளஞ்சிவப்பு ஒயினுக்குத் தோல் சில மணி நேரம் மட்டும் சாற்றில் கிடக்கும்.

ஈஸ்ட் செய்யும் கணக்கு எளிது. ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஒரு சதவிகித ஆல்கஹால். 22 பிரிக்ஸ் சாறு முழுவதும் நொதித்தால் ஏறக்குறைய 12.5 முதல் 13 சதவிகிதம். ஒரு டன் திராட்சையில் 600 முதல் 700 லிட்டர் ஒயின் கிடைக்கும், அதாவது 750 மில்லி புட்டிகளில் 800-க்கு மேல். மிஞ்சும் சக்கையை மக்கவைத்து உரமாக்கலாம்.

தட்டில் என்ன, கோப்பையில் என்ன

ஒயினைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பது ஐரோப்பிய வழக்கம். எந்த உணவுக்கு எந்த ஒயின் என்று அவர்கள் பட்டியலே வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் மிளகாயை அறியாத சமையலுக்குப் போட்டது. நாசிக்கில் மிசல் பாவ் இருக்கிறது. முளைகட்டிய பயறும் காரக் குழம்பும் சேர்ந்த இந்தக் காலைச் சிற்றுண்டி கண்ணில் நீர் வரவைக்கும். பச்சை மிளகாயும் பூண்டும் இடித்த டேச்சா இருக்கிறது. இவற்றோடு எந்த ஒயின் ஒத்துப்போகும் என்பதற்கு விடை, தோட்டத்தில் என்ன ரகம் நட்டார்கள், எந்த நாளில் பறித்தார்கள் என்பதில் இருக்கிறது.

ஷெனின் பிளாங்க் பிரான்சின் லுவார் ஆற்றுப் பகுதி ரகம். நாசிக்கில் நன்றாகக் காய்க்கிறது. கொத்து நெருக்கமாக இருப்பதால் மழை பிடித்தால் அழுகல் வரும், அந்தக் கவனம் வேண்டும். இதில் கொஞ்சம் சர்க்கரையை நொதிக்கவிடாமல் மிச்சம் வைத்து இலேசான இனிப்போடு ஒயின் செய்கிறார்கள். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் துவர்ப்பும் கூட்டும், இனிப்பு தணிக்கும். அதனால் மிசலுக்கும் மசாலாக் குழம்புக்கும் இந்த வெள்ளை ஒயின் பொருந்துகிறது. காரக்குழம்போடு ஒரு துண்டு வெல்லம் கடிப்பவர்களுக்கு இந்த விதி புதிதாகத் தெரியாது.

சாவிஞான் பிளாங்கின் குணம் வேறு. பச்சைப் புல், குடைமிளகாய் போன்ற வாசனையும், தூக்கலான புளிப்பும் இதன் அடையாளம். சற்று முன்கூட்டிப் பறித்தால் அந்தப் பச்சை வாசனை தூக்கும். நாள் கடந்தால் பழ வாசனை ஏறிப் பச்சை குறையும். எண்ணெயில் பொரித்த வெங்காய பஜ்ஜி, ஜவ்வரிசி வடை, மீன் வறுவல், கொத்தமல்லிச் சட்னி ஆகியவற்றுக்கு இது பொருத்தம். எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பு அறுக்கும். வறுத்த மீன் மேல் எலுமிச்சை பிழிவதும் இதே காரணத்துக்காகத்தான். ஜெர்மனியின் ரீஸ்லிங் ரகத்திலும் சூலா ஒயின் செய்கிறது. அதுவும் இனிப்பும் புளிப்பும் கலந்து, காரத்துக்கு ஈடு கொடுக்கும்.

ஜின்ஃபண்டல் கலிஃபோர்னியாவில் பேர்போன சிவப்பு ரகம். ஒரே கொத்தில் சில மணிகள் பழுத்துச் சுருங்கும்போது சில மணிகள் காயாகவே இருக்கும். பறிக்கும் நாளைத் தீர்மானிப்பது சோதனைதான். இதில் செய்யும் இளஞ்சிவப்பு ஒயினைக் குளிர்வித்து, கத்தரிக்காய்ச் சுட்டுப் பிசைந்த வாங்கி பரித், கடலைமாவுப் பிட்லா, சோள ரொட்டி போன்ற மராட்டிய வீட்டுச் சாப்பாட்டோடு வைக்கலாம்.

ஷிராஸ், கேபர்நே சாவிஞான் இரண்டும் சிறு மணி, அடர் நிறம். ஷிராஸ் பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் இருந்தும், கேபர்நே சாவிஞான் போர்தோ பகுதியில் இருந்தும் வந்தவை. சூலாவின் ராசா, திண்டோரி ரிசர்வ் ஆகிய பெயர்களில் வரும் ஷிராஸ், ஓக் மரப் பீப்பாயில் முதிரவைத்துப் புட்டியில் அடைக்கப்படுகிறது. துவர்ப்பு கூடிய இந்த ஒயின்களுக்குக் கொழுப்பும் இறைச்சியும்தான் துணை. மெதுவாக வெந்த ஆட்டிறைச்சி, கறுப்பு மசாலா போட்ட கறி ஆகியவற்றின் கொழுப்பு, துவர்ப்பை மென்மையாக்கும். அதே ஒயினை மிளகாய் தூக்கலான டேச்சாவோடு வைத்தால் நாக்கு எரியும், ஒயினும் கசக்கும்.

கடைசியாக ஒன்று, தாமதமாகப் பறித்த ஷெனின். மற்ற பழங்கள் ஆலைக்குப் போன பிறகும் சில வரிசைகளைக் கொடியிலேயே விட்டுவைப்பார்கள். மணி சுருங்கிச் சர்க்கரை செறியும். சாறு குறையும். அந்த நாள்களில் ஒரு ஆலங்கட்டி மழை வந்தால் எல்லாம் போகும். தப்பித்தால், ஸ்ரீகண்டுக்கும் பூரண் போளிக்கும் ஈடான இனிப்பு ஒயின் கிடைக்கும். இனிப்புப் பண்டத்தோடு வைக்கும் ஒயின் அந்தப் பண்டத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும்.

எந்த ஒயினானாலும் அதில் இருப்பது மதுதான். அளவு மீறினால் உடலுக்கும் குடும்பத்துக்கும் வரும் கேடு, புட்டியின் விலையைப் பார்த்துக் குறையாது.

கொடியை வெட்டிய ஆண்டுகள்

சுவைக்கூடத்தின் மாடியில் இருந்து பார்த்தால் தெரியாத ஒரு கதை நாசிக்குக்கு உண்டு. 2001-க்குப் பிறகு ஆலைகள் பெருகிய வேகத்தில், சாப்பிடும் திராட்சையை எடுத்துவிட்டு ஒயின் ரகம் நட்டவர்கள் பலர். மருந்து முக்கும் வேலை இல்லை, கூலி குறைவு, வாங்க ஆலை இருக்கிறது என்பது கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது.

2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் மும்பையில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது. ஹோட்டல்களும் சுற்றுலாவும் முடங்கின. ஒயின் விற்பனை சுருங்கியது. முந்தைய ஆண்டின் ஒயினே தொட்டியில் கிடக்க, புதுத் திராட்சையை எடுக்க ஆலைகளில் இடமும் இல்லை, பணமும் இல்லை. பல இடங்களில் பழத்தை எடுக்கவில்லை. எடுத்த இடங்களில் பணம் தாமதமானது.

தாம்சன் விளைவித்தவருக்கு ஒரு வியாபாரி கைவிட்டால் இன்னொருவர் உண்டு. விலை படுத்தால் உலர்த்தி கிஸ்மிஸ் ஆக்கலாம். ஷிராஸ் விளைவித்தவருக்கு எங்கே போக இடம்? விதையும் தடித்த தோலுமாக இருக்கும் சிறு மணியைப் பழக்கடைக்காரர் வாங்க மாட்டார். உலர் திராட்சைக்கும் ஆகாது. பறித்த பழத்தை இரண்டு நாள் வைத்திருக்கவும் முடியாது. ஆலை கதவைச் சாத்தினால் அந்தப் பழத்துக்கு உலகத்தில் வேறு வாசல் இல்லை. அந்த ஆண்டுகளில் நாசிக்கில் பலர் ஒயின் கொடிகளைப் பிடுங்கினார்கள். சிலர் கொடியை மேலே வெட்டிவிட்டு, அதே வேரில் மீண்டும் தாம்சனை ஒட்டுக் கட்டினார்கள். கொடி காய்ப்புக்கு வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். நல்ல பராமரிப்பில் அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளாவது பலன் தரும். அதை நம்பிப் பந்தலுக்கும் கம்பிக்கும் கடன் வாங்கியவர்களுக்கு அந்த வெட்டு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த அடிக்குப் பிறகு நிலைத்த ஆலைகள் விவசாயிகளோடு பல ஆண்டு ஒப்பந்தம் போட்டுத் திராட்சை வாங்குகின்றன. எந்த ரகம், எத்தனை ஏக்கர், என்ன பிரிக்ஸுக்கு என்ன விலை, அறுவடை நாளை யார் முடிவு செய்வது என்பது எழுத்தில் இருக்கும். நிலைத்த விவசாயிகளும் ஒரு வழக்கத்துக்கு வந்திருக்கிறார்கள். நிலம் முழுவதையும் ஒயின் ரகத்துக்குக் கொடுக்காமல் ஒரு பகுதியை மட்டும் கொடுக்கிறார்கள், மீதியில் சாப்பிடும் திராட்சையோ காய்கறியோ இருக்கும். நாசிக்கில் இருந்து எடுத்துவர வேண்டிய பாடம் இதுதான்: வாங்குபவரை எழுத்தில் பிடித்த பிறகே ஒயின் கொடியை மண்ணில் ஊன்ற வேண்டும்.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை ஒயினுக்கு ஆகுமா?

ஆகும். பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். சீனாவில் இந்த ரகத்தில் ஒயின் செய்கிறார்கள். விதையும் மணமும் உள்ள ரகம் என்பதால் வாசனையான, இலேசான இனிப்பு ஒயினுக்கு ஏற்றது. குறை என்னவென்றால், கம்பத்தில் இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடை எடுக்கும் வழக்கம். மழைக்காலத்து அறுவடையில் சர்க்கரை ஏறாது. ஒயினுக்கு என்றால் கோடையில் பழுக்கும் அறுவடையைத்தான் ஒதுக்க வேண்டும். பன்னீர் திராட்சைக்கு ஒரு பெரிய பலம் உண்டு. ஆலை இல்லாவிட்டாலும் அதைச் சாப்பிட ஆள் இருக்கிறது, சாறு பிழியவும் ஆகிறது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஷிராஸுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

ஷிராஸ், ஷெனின் போன்ற ரகங்களைத் தேனியில் நடலாமா?

நட்டால் கொடி வளரும், காய்க்கும். நாசிக்கின் குளிர் இரவு இங்கே கிடைக்காது என்பதால் புளிப்பும் நிறமும் அதே அளவு வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆசைப்படுபவர்கள் முதலில் ஆனைமலையன்பட்டியில் உள்ள திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். சில செடிகளில் மூன்று, நான்கு அறுவடை பார்த்து, பிரிக்ஸும் புளிப்பும் குறித்துவைத்த பிறகு ஏக்கர் கணக்கைப் பேசலாம்.

வீட்டிலேயே திராட்சை ஒயின் செய்து விற்கலாமா?

கூடாது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதும் விற்பதும் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஒயினும் அதில் அடங்கும். மதிப்புக் கூட்டி விற்க நினைப்பவர்களுக்குச் சாறு, ஜாம், ஸ்குவாஷ் என்று வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு போதும். சாற்றுக்கென்றே மாஞ்சரி மையம் 'மாஞ்சரி மேடிகா' என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. அதன் சாறு, தோலை நீக்கினாலும் அடர் சிவப்பாகவே இருக்கும்.

ஆலையோடு ஒப்பந்தம் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஐந்து விஷயங்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு என்பது கொடியின் ஆயுளோடு பொருந்த வேண்டும். விலை, பிரிக்ஸ் வாரியாக எழுத்தில் இருக்க வேண்டும். பிரிக்ஸ் பார்ப்பது தோட்டத்திலா, ஆலை வாசலிலா, விவசாயி முன்னிலையிலா என்று தெளிவாக வேண்டும். பணம் எத்தனை நாளில் வரும், தாமதமானால் என்ன என்று இருக்க வேண்டும். கடைசியாக, ஆலை ஓர் ஆண்டு பழத்தை எடுக்காமல் விட்டால் இழப்பீடு என்ன என்ற வரி இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், நாற்றுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.